துணை வேண்டலும் ஆண்மையே

துக்க வீடுகளில் வழங்கும் மொழிகள் பலவற்றுள், அண்மைக் காலத்தில் நம் செவிகளில் அடிக்கடி விழுவது ஒன்றுண்டு. "நேற்று மாலை வரையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தானே, ஒரு வார்த்தை நம்மிடம் சொல்லியிருக்கலாகாதா?" என்பதே அது. தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்ட இளைஞனது வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெரியோர் இங்ஙனம் புலம்புவதைக் கேட்டோர் நம்மிற் பலர். அவ்வினா இறந்தவனை நோக்கி எழுப்பப்படுகின்றது. ஆயினும் விடை கூறவேண்டியவர்கள் உயிரோடிருக்கும் நாமே. அவன் ஏன் சொல்லவில்லை? சொல்லலாகாதென்று அவனுக்குக் கற்பித்தவர் யாவர்? அப்பாடம் எவ்வழியாக நம் குடும்பங்களிற் புகுந்தது? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் உள்ள ஆலைகளில் நம் பிள்ளைகள் பெருந்தொகையினராய் உழைத்துவரும் இக்காலத்தில், இவ்வினாக்களைச் சரித்திர வாயிலாக ஆராய்ந்து நம் சங்கத்து அன்பர்கள் முன் வைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

ஆண்மை என்னுஞ் சொல்லை நம் முன்னோர் பெரிதும் போர்க்களத்தோடு பொருத்தியே வழங்கினர். மார்பிற் பட்ட புண் புகழ். முதுகிற் பட்ட புண் பழி. இக்கொள்கை எத்துணைக் கடுமையாக இருந்ததென்பதற்குச் சங்க நூல்களிற் சான்றுகள் பல. வெண்ணி என்னும் ஊரில் சோழன் கரிகாலனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. இஃது இந்நாளில் திருவாரூர் மாவட்டத்துக் கோயில்வெண்ணி எனப்படும் ஊராகும். அப்போரில் எறியப்பட்ட வேல் சேரமான் மார்பை ஊடுருவி முதுகையும் புண்படுத்தியது. புறப்புண் பட்டதாக உலகம் பேசுமே என்று நாணிய அவ்வேந்தன், உண்ணாநோன்பு கொண்டு வடக்கிருந்து உயிர்துறந்தான். வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனை நோக்கியே, நாணித் துறந்த அவன் நின்னினும் நல்லவன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடினார். போரில் மகன் புறமுதுகிட்டான் என்னும் பொய்யுரையைக் கேட்ட முதியவள் ஒருத்தி, அஃது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினங் கூறி, வாளேந்திக் களம் புகுந்த செய்தியையும் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியுள்ளார்.

இவற்றை நாம் மேடைதோறும் பெருமிதத்தோடு எடுத்தோதி வருகின்றோம். ஆனால் ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். சேரமானது புண் ஆறக்கூடிய புண்ணாயினும், அவனது நாணத்திற்கு மருந்திடுவார் ஒருவரும் இலர். "வேந்தே, இஃது உன் குற்றமன்று, எழுந்து வா" என்று ஒருவர் அவன் கையைப் பற்றியதாக எப்பாட்டும் கூறவில்லை. உலகம் அவன் மறைந்த பின்னரே அவனைப் புகழ்ந்தது. வாழ்ந்திருப்பவனைத் தேற்றாது, மறைந்தவனை ஏத்தும் இவ்வழக்கமே நாம் மறுபரிசீலனை செய்யத்தக்கது.

இது தமிழ்நாட்டிற்கு மட்டும் உரிய பிழை என்று எண்ணற்க. 1914 முதல் 1918 வரையில் நிகழ்ந்த முதல் உலக யுத்தத்தில், இடைவிடாத குண்டுவீச்சினிடையே கிடந்த போர்வீரர் பலர், உடலில் காயமின்றியே கைகால் நடுங்கியும், பேச்சிழந்தும், உறக்கமற்றும் தவித்தனர். 1915-ஆம் ஆண்டில் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் இத்தகையோரைக் குறித்து வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். ஆயினும் இராணுவத்தார் பலர் அதனை நோயென ஏற்றிலர்; கோழைத்தனம் என்றனர். போர்முனையினின்று ஓடியமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காக அந்த யுத்தத்திற் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பேருக்கு, 2006-ஆம் ஆண்டிலேதான் பிரிட்டிஷ் அரசாங்கம் சட்டமியற்றி மன்னிப்பு வழங்கியது. அவருள் மனம் நொறுங்கி நோயுற்றிருந்தோரும் உண்டென்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. கல்வியிலும் விஞ்ஞானத்திலும் தலைசிறந்ததெனத் தன்னைக் கருதிய ஒரு தேசத்திற்கு, நோயையும் கோழைத்தனத்தையும் வேறு பிரித்தறிய ஏறத்தாழ 90 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

நிற்க. நம் மரபில் இருந்தது அக்கடும் நெறி ஒன்றே தானா? அன்று. பிறிதொரு நெறியும் உண்டு. அதனைத் தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. ஒரகடத்திற்கு அருகிலுள்ள குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமானே அதனை எழுதி வைத்துச் சென்றுள்ளார். கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் சோழ மன்னனுக்கு மந்திரியாய் இருந்து அவர் அருளிய பெரியபுராணத்தில், திருவாமூரிற் பிறந்த மருள்நீக்கியாரின் சரித்திரம் வருகின்றது. பிற்காலத்தில் அப்பர் எனவும் திருநாவுக்கரசர் எனவும் உலகம் போற்றியவர் இவரே.

மருள்நீக்கியார் சிறுவராய் இருக்கும்போதே தாயும் தந்தையும் ஒருவர்பின் ஒருவராய் இறந்தனர். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். அது கேட்ட திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்போது அச்சிறுவர் தமக்கையின் பாதங்களில் வீழ்ந்து, பெற்றோரை இழந்த பின்னும் நும்மை வணங்கியிருக்கலாம் என்றே யான் உயிர் தாங்குகின்றேன், நீவிர் செல்வீராயின் யான் நுமக்கு முன்னரே செல்வேன் என்று அழுதார். அவ்வழுகையைக் கேட்டே, தம்பி இருத்தல் வேண்டும் என்னுங் கருணையால், அம்மையார் தம் உயிரைத் தாங்கினார். சிறுவர் வாய் திறந்து தம் துயரத்தைச் சொல்லாதிருந்திருப்பின், அவ்வீட்டில் இரு விளக்குகளும் அவிந்திருக்கும்.

ஆண்டுகள் பல சென்றன. மருள்நீக்கியார் சமண மடத்திற் சேர்ந்து, தருமசேனர் என்னும் பட்டப் பெயரோடு பெருந்தலைமை எய்தினார். அந்நிலையில் கொடிய சூலைநோய் அவரைப் பற்றியது. அங்குள்ளோர் செய்த பரிகாரங்கள் பயன்படவில்லை. பெரும் பதவியில் இருந்த அவர், "என் நோயை யான் பிறருக்கு எங்ஙனம் சொல்வேன்? பட்டம் பெற்ற நான் விட்டு வந்த வீட்டு வாயிலில் எங்ஙனம் நிற்பேன்?" என்று மயங்கி வாளாவிருந்தாரல்லர். சமையற்காரனைத் தமக்கையிடம் ஆளாக அனுப்பினார். அம்மடத்திற்குத் தாம் வாரேன் என்று அம்மையார் மறுத்துரைத்த பின்னும், அவர் மானம் பாராட்டினாரல்லர். இரவோடிரவாக வெள்ளாடை உடுத்து, பிறர் கைத்தாங்கலாகப் பிடித்துவரத் திருவதிகை சென்று, தமக்கையின் திருவடிகளில் விழுந்தார். அம்மையாரும் அவரை ஏற்று, திருநீறளித்து, வீரட்டானத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நோயும் தீர்ந்தது, நாவுக்கரசரும் தோன்றினார்.

இச்சரித்திரத்தைப் பக்தியோடு ஓதும் நாம், அதிலடங்கிய உலகியல் உண்மையையும் கொள்ளல் வேண்டும். பின்னாளில் மன்னன் ஆணைக்கும் அஞ்சாது நின்ற ஆண்மையாளர், தம் நோய்க்குத் துணை வேண்டிப் பெண்ணொருவரின் வாயிலில் நின்றார். அதனால் அவர் பெருமை குன்றிற்றன்று. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசர், ஒரு மந்திரப்பொருளைக் கேட்டறியத் திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்தார் என்று வைணவ மரபு கூறும். பதினேழு முறை வெறுங்கையராய்த் திரும்பியதை அவர் அவமானமாகக் கொண்டாரல்லர். திருவள்ளுவரோ, பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தை அரசனுக்குரிய இலக்கணத்திடையே வைத்தார். மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளியோடு வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் ஆகிய நால்வகையும் கூடியதே சிகிச்சை என வகுத்தார். தனித்தே தாங்குதல் ஆண்மை என்னும் கொள்கைக்கு அவர் நூலில் இடமில்லை.

அங்ஙனமாயின், இந்நல்வழி மறைந்து, மௌனமே ஆண்மை என்னும் கொள்கை நம்மிடையே வலுப்பெற்றது யாங்ஙனம்? அதற்கு மற்றொரு சரித்திரமும் காரணம். மனநோய்க்குரிய வைத்தியசாலை நம் நாட்டிற்கு வந்த விதமே அது.

1794-ஆம் ஆண்டில் வாலன்டைன் கானலி என்னும் ஆங்கில வைத்தியர் சென்னையில் சித்தப்பிரமை கொண்டோருக்கு ஓர் இல்லம் தொடங்கினார். 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துத் தோட்டமொன்றிற்கு மாற்றப்பட்டது. 1858-இலும் 1912-இலும் இயற்றப்பட்ட சட்டங்களின்படி, அங்குச் செல்லும் வழி பெரும்பாலும் போலீசார் வழியாகவும் மாஜிஸ்டிரேட் உத்தரவின் வழியாகவும் அமைந்தது. சுவரும் பூட்டும் காவலும் உள்ள இடத்தை ஜனங்கள் சிறைச்சாலையாகவே கண்டனர். 1922-இல் மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியும் அச்சம் மாறவில்லை. கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப் பெயரே தமிழ்நாடெங்கும் ஏளனச் சொல்லாயிற்று. "அவனைக் கீழ்ப்பாக்கத்திற்கு அனுப்பு" என்று நகைத்துப் பேசாத தெருவில்லை. அந்நகைப்பைக் கேட்டு வளர்ந்த ஒருவன், தன் உறக்கம் கெட்டு மனம் சோரும்போது, அதே வாயிலுக்குத் தானே செல்வான் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

வைத்தியசாலைக்கு அஞ்சியவர் வேறிடம் தேடினர். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் நடத்திய கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓடவும் இயலாது 28 பேர் மாண்டனர். அச்செய்தி தேசத்தையே உலுக்கிற்று.

இருள் இங்ஙனம் இருப்பினும், ஒளியும் உடன் வந்தது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையைப் பல ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்திய டாக்டர் சாரதா மேனன் அம்மையார், நோயாளிகள் குடும்பத்தோடு வாழ்ந்தே குணமடையலாம் என்பதை நிலைநாட்ட உழைத்து, 1984-இல் சென்னையில் ஸ்கார்ப் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் அம்மையார், உயிரை வெறுத்தோர் பேச்சைக் கேட்பதற்கென்றே சிநேகா என்னும் தொண்டமைப்பைத் தொடங்கினார். 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் ஏற்பட்டன. 2017-இல் இயற்றப்பட்டு 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சையைக் குடிமக்களின் உரிமையாக்கிற்று. நோயாளியின் விவரங்களை மறைவாகக் காத்தல் வேண்டும் என்றது. உயிர்விட முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவர் என்று கூறி, அவரைக் குற்றவாளியாக நடத்தும் பழைய வழக்கத்தைத் தளர்த்திற்று. ஆகவே, நம் பாட்டனார் அஞ்சிய கீழ்ப்பாக்கம் இன்றில்லை. அச்சம் மாத்திரம் எஞ்சியுள்ளது.

இனி நம் ஊர்ப்பக்கத்தைக் காண்போம். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். ஒரு தலைமுறைக்கு முன் இது ஏரிப்பாசனத்தை நம்பிய பயிர்த்தொழிற் பூமி. 1996-இல் ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் கால்கொண்டது. 1998-இல் அங்குக் கார்கள் வெளிவந்தன. பின்னர்ச் சிப்காட் வழியாக நிலங்கள் ஆலைகளுக்காயின. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012-இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. ஏர் பிடித்தவர் மகன் எந்திரம் பிடித்தான். இதனால் விளைந்த நன்மைகள் சிறியனவல்ல. கல்வியும், கல் வீடும், மாதச் சம்பளமும் வந்தன. அவற்றை மறுப்பது நன்றியின்மையாகும்.

ஆயினும் வாழ்க்கை முறை மாறியதற்கேற்ப மனத்தைக் காக்கும் முறை மாறவில்லை. வயலில் உழைத்தவன் மழை பொய்த்தால் துன்புற்றான். ஆனால் ஊர் முழுதும் அவனோடு துன்புற்றது. களத்துமேட்டிலும் ஏரிக்கரையிலும் அவன் முகவாட்டத்தைக் காண்பார் இருந்தனர். இன்று ஆலைத் தொழிலாளி ஒரு வாரம் பகலிலும், மறுவாரம் இரவிலும் உழைக்கின்றான். அவன் உறங்கும்போது வீட்டார் விழித்திருப்பர். அவன் விழித்திருக்கும்போது வீட்டார் உறங்குவர். உறக்கம் நெடுநாள் கெடுவது மனச்சோர்வுக்கு ஏதுவாகும் என்பது வைத்தியர் கண்ட உண்மை. நிரந்தர வேலை சிலருக்கே. ஒப்பந்த வேலை பலருக்கு. வீட்டுக்கடன், வண்டிக்கடன், தங்கையின் கலியாணக் கடன் ஆகியவற்றின் தவணையோ மாதந்தவறாது வந்து நிற்கும். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியதையும், 2022-இல் மறைமலைநகர் போர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியதையும் நாம் கண்டோம். சம்பாதிப்பவனே ஆண் என்று கற்பிக்கப்பட்டவனுக்கு வேலை போவது, வருமானம் போவது மட்டுமன்று. புறப்புண் பட்டதற்கு ஒப்பாம்.

அப்புண்ணை அவன் எங்ஙனம் மறைக்கின்றான்? அழமாட்டான், சினப்பான். சோர்வென்று சொல்லமாட்டான், தலைவலி, முதுகுவலி, வயிற்றெரிச்சல் என்பான். வைத்தியசாலைக்குச் செல்லமாட்டான், மதுக்கடைக்குச் செல்வான். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்நாட்டுக் குல சங்கங்கள் பலவும் மதுவிலக்கை வற்புறுத்தின, அது போற்றத்தக்கதே. ஆனால் குடிப்பவனைப் பழித்த நாம், அவன் எதை மறக்கக் குடிக்கின்றான் என்று வினவினோமா?

2015, 2016-ஆம் ஆண்டுகளில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாகாணங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தினர். அதன்படி ஆடவருள் நூற்றுக்கு 13.9 பேரும், பெண்டிருள் 7.5 பேரும் ஏதேனுமொரு மனநோய் உடையவராய் இருந்தனர்; ஆடவர் தொகை மிகுந்ததற்கு மதுவால் வரும் நோய் ஒரு முக்கிய காரணம். நோய்க்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரையில் சிகிச்சையின்றியே இருந்தனர். தேசியக் குற்ற ஆவணக் கூடத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,64,033 பேர். அவருள் ஆடவர் 1,18,979, பெண்டிர் 45,026. நாட்கூலிகள் மட்டும் 42,004 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 18,925 பேர். பெண்டிர் துயரம் குறைந்ததென்று இதற்குப் பொருளன்று. அவர்கள் படும் பாடு தனியே எழுதத்தக்கது. ஆனால் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கினர் ஆடவராய் இருப்பது, வலிமையுடையார் என நாம் சொல்லி வளர்த்தவரே வாய்திறவாது மாய்கின்றனர் என்பதைக் காட்டுகின்றது. இத்தகைய மரணத்திற்குக் காரணம் ஒன்றன்று, பலவாம். அவற்றுட் பெரும்பாலானவை காலத்தில் உதவி கிட்டின் தடுக்கத்தக்கன.

இதில் நம் குலத்தின் பங்கு யாதென்பதை மறைக்காது கூறுதல் வேண்டும். மகாநாடுகளில் வீரப்பரம்பரை என்று முழங்குகின்றோம். சிறுவன் அழுதால், பெண்பிள்ளை போல் அழாதே என்று அடக்குகின்றோம். இதனால் ஆணையும் கெடுத்து, பெண்ணையும் இழித்துரைத்தவராகின்றோம். பெண் பார்க்கும்போது, அவ்வீட்டில் எவரேனும் மனவைத்தியரிடம் சென்றதுண்டோ என்று மறைவாய் விசாரிக்கின்றோம். மகனை வைத்தியரிடம் அழைத்துச் சென்றால் மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று அஞ்சும் தகப்பனாரை அவ்விசாரணையே உண்டாக்கிற்று. தாய்மாமன் சீர், மண்டபச் செலவு என்று, தகுதிக்கு மீறிய கடனை ஓர் இளைஞன் தோளில் ஏற்றி, அதனைச் சுமப்பதே ஆண்மை என்கின்றோம். இவற்றை எந்த ஆலை முதலாளியும் நமக்குக் கற்பிக்கவில்லை, நாமே நடத்திவருவன. ஆதலின் நாமே திருத்தவும் கூடும்.

முதலாவது, அறிகுறிகளை அறிதல் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் உணவும் குன்றல், காரணமின்றிச் சினத்தல், உற்றாரை விலகல், குடி மிகுதல், நான் இருந்தென்ன பயன் என்பது போன்ற சொற்கள் ஆகியவற்றைக் கண்டால் அசட்டை செய்யலாகாது. "உனக்கு உயிரை வெறுக்கும் எண்ணம் உண்டா?" என்று அன்போடு நேரே கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய்த் தோன்றுமென அஞ்ச வேண்டுவதில்லை, கேட்பதே அவனுக்குப் பெரும் ஆறுதல் என்பர் வைத்தியர். இரண்டாவது, கேட்டபின் தனியே விடாது உடன் செல்லுதல் வேண்டும். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலும், செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கீழ்ப்பாக்கத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு, இ.எஸ்.ஐ. காப்பீடு உடைய தொழிலாளர் அதன்வழியும் பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் அரசாங்கத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இரவு ஷிப்டு முடிந்து வரும் பிள்ளைக்கு இஃது எத்துணை உதவியென்பது சொல்லாமலே விளங்கும்.

மூன்றாவது, நம் சங்கம் செய்யத்தக்கது. கிராமந்தோறும் நம்பிக்கைக்குரிய இருவர், ஒருவர் ஆணும் ஒருவர் பெண்ணுமாக, கேட்டதைப் பிறரிடம் பேசாத உறுதியுடையவராய் அமைதல் வேண்டும். அவர் வைத்தியம் செய்வோரல்லர். வைத்தியரிடம் கைத்தாங்கலாக அழைத்துச் செல்வோர். வரன் விசாரணையில், சிகிச்சை பெற்றதைக் குற்றமாகக் கொள்வதில்லை என்று நம் பொதுக்கூட்டம் ஒரு தீர்மானம் செய்யுமாயின், மண்டபம் கட்டுவதினும் அது பெரிய தர்மமாகும்.

வெண்ணிப் போர்க்களத்தில் சேரமான் அருகே ஒருவரும் இல்லை. திருவதிகை வாயிலில் மருள்நீக்கியாருக்குத் திலகவதியார் இருந்தார். இரு சரித்திரமும் தமிழருடையனவே. அவற்றுள் எதனை நம் இல்லங்களில் நடத்துவதென்பது நம் கையில் உள்ளது. இவ்விதழ் உங்கள் வீட்டிற்கு வந்து சேரும் நாளில், ஆலையினின்று திரும்பும் மகனையோ, தம்பியையோ, கணவரையோ அருகில் அமர்த்தி, சம்பளத்தைப் பற்றி அன்றி, அவர் மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கின் இடைமறியாது கேட்டிருங்கள். திண்ணையிற் புலம்பும் அவ்வினா இனி நம் குலத்தில் எழாதிருக்க அதுவே முதல் மருந்து.